பொருள்: 14 கவுண்ட் துணியை "14 கண் துணி" எனலாமா?

அஸ்தம்பட்டியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

குறுக்குத் தையல் (கிராஸ் ஸ்டிட்ச்) கற்க வருகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். கிட் (துணி, நூல், ஊசி, படத்தாள் எல்லாம் சேர்ந்த பொட்டலம்) வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், வீட்டுக்கு வந்ததும் எங்கே தொடங்க வேண்டும், அவ்வளவுதான். கிட்டோடு வரும் ஆங்கிலக் குறிப்பை யாரும் படிப்பதில்லை. பாதி எழுதியதும் ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது: கவுண்ட்.

தையல் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐடா துணி சின்னச் சின்னச் சதுரங்களாக நெய்யப்பட்டிருக்கும். ஒரு சதுரத்துக்கு ஒரு பெருக்கல் குறி தைக்க வேண்டும். ஓர் அங்குலத்தில் எத்தனை சதுரம் என்பதுதான் கவுண்ட். 11, 14, 16, 18 என்று கிடைக்கும். அதிகம் புழங்குவது 14.

இது விளங்காததால் காசு வீணாகிறது. வகுப்புக்கு வரும் ஒரு பெண் இணையத்தில் மயில் பேட்டர்ன் (எந்தச் சதுரத்தில் எந்த நிறம் என்று காட்டும் கட்டத்தாள்) வாங்கினார். அகலம் 140 தையல், உயரம் 98. 14 கவுண்ட் துணியில் தைத்தால் 10 அங்குலத்துக்கு 7 அங்குலம் வரும். எண் பெரிதானால் படமும் பெரிதாகும் என்று நினைத்து அவர் 18 கவுண்ட் வாங்கிவிட்டார். மயில் ஏழேமுக்கால் அங்குலத்தில் முடிந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் வேறு முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்.

"எண்ணிக்கை" என்று எழுதிப் பார்த்தேன். படத்தில் எத்தனை தையல் என்பதும் எண்ணிக்கை, துணியில் அங்குலத்துக்கு எத்தனை என்பதும் எண்ணிக்கை. ஒரே வரியில் இரண்டும் வந்தால் படிக்கிறவர் தலை சுற்றும். "அடர்த்தி" பாடப்புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தோன்றியது "கண்". வலைக்குக் கண் உண்டு, சல்லடைக்கும் உண்டு. "14 கண் துணி ஒரு மீட்டர் கொடுங்க" என்று கடையில் கேட்டால் வாயில் இடறாது. உங்கள் கருத்து?

*

அம்மாபேட்டையிலிருந்து:

வணக்கம் அம்மா. நெசவுத் தறிக்கு கிராஃப் (வடிவத்தைக் கட்டம் கட்டமாக வரைந்த தாள்) போட்டே காலத்தை ஓட்டியவன் என்பதால் இதில் மூக்கை நுழைக்கிறேன்.

> "எண்ணிக்கை" என்று எழுதிப் பார்த்தேன்.

கவுண்ட் என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். சேலத்தில் கவுண்ட் என்றால் நூல்தான். 840 கெஜக் கழிகள் (நூல் சிட்டங்கள்) ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை ஏறுகின்றனவோ அதுதான் நூலின் நம்பர். 40 கழி ஏறினால் 40ஆம் நம்பர். எண் கூடக் கூட நூல் சன்னமாகும். உங்கள் துணியிலும் எண் கூடினால் சதுரம் சிறுக்கிறது என்கிறீர்கள்; போக்கு ஒன்றுதான், ஆனால் அளப்பது வேறு. தறிக்காரர் வீட்டுப் பெண்ணிடம் "14 கவுண்ட்" என்றால் முரட்டு நூல் என்றுதான் நினைப்பாள். பொன்னம்மாபேட்டை, குகை, இளம்பிள்ளை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான்.

"துளை" என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது வேண்டாம். ஜக்கார்டு அட்டையில் (தறிக்கு வடிவத்தைச் சொல்லும் அட்டை) அடிப்பது துளை. இருக்கிற பொருளைக் குத்தி எடுத்தால் துளை. இழைகளுக்கு நடுவே நெசவிலேயே விழும் சந்து கண். தறியின் விழுதில் பாவு நூல் (நீளவாட்டு இழை) நுழையும் இடத்தையும் கண் என்றுதான் சொல்கிறோம். என் ஓட்டு கண்ணுக்கே.

இன்னொரு விஷயம். உங்கள் தாளில் ஐடா மட்டும்தானா? நம் வீடுகளில் டிவி மேல் விரித்ததும் தலையணை உறையில் தைத்ததும் மேட்டி துணியில் அல்லவா? விலை குறைவு என்று இன்றும் அதைத்தான் முதலில் வாங்குவார்கள். பாவில் இரண்டிரண்டு, ஊடையில் (குறுக்குவாட்டு இழை) இரண்டிரண்டு என இழைகளைச் சேர்த்து நெய்யும் மேட் நெசவு அது. குறுக்குத் தையலுக்கென்று அளந்து நெய்யாத மேட்டியில் பாவுப் பக்கம் ஒரு கணக்கும் ஊடைப் பக்கம் ஒரு கணக்கும் இருக்கும். ஸ்கேலை வைத்து இரண்டு பக்கமும் எண்ணச் சொல்லுங்கள். அகலவாட்டில் அங்குலத்துக்கு 11, நீளவாட்டில் 10 என்று வைத்துக்கொள்வோம். 110க்கு 110 தையலில் ஒரு வட்டம் தைத்தால் அகலம் 10 அங்குலம், உயரம் 11 அங்குலம். பிள்ளையார் தொப்பை வற்றிப்போவார். பூக்கொடி என்றால் ஒன்றும் தெரியாது; முகம், வட்டம், எழுத்து என்றால் காட்டிக்கொடுத்துவிடும்.

*

ஏற்காட்டிலிருந்து:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். கண் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு சந்தேகம்.

ஒன்று. ஊசி இறங்குகிற சந்துதான் கண் என்றால் கணக்கு உதைக்கும். 14 தையல் வரிசையாகப் போட 15 சந்து வேண்டும். கண் என்பது சந்தா, சதுரமா?

இரண்டு. நான் இப்போது தைப்பது லினன். அதன் உறையில் 28 என்று போட்டிருக்கிறது. அதில் இரண்டு இழைகளைத் தாண்டித்தான் ஒரு தையல் போடுகிறோம், ஆக அங்குலத்துக்கு 14 தையல்தான். உங்கள் தாளைப் படித்தவர் அதை "28 கண் துணி" என்று எழுதிக்கொண்டால் படம் பாதியாகிவிடும் என்று பயந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அதனால் "கட்டம்" என்று வையுங்களேன். பேட்டர்ன் தாளிலும் கட்டம், துணியிலும் கட்டம். தாளில் ஒரு கட்டத்தில் குறி இருந்தால் துணியில் ஒரு கட்டத்தில் தையல். புள்ளிக்கோலம் போடுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கூடவே, கிட் உறைகளில் "கவுண்டட்", "ஸ்டாம்ப்டு" என்று வரும் இரண்டுக்கும் சொல் வேண்டும். முதலாவதில் துணி வெறுமையாக வரும். தாளைப் பார்த்து எண்ணி எண்ணித் தைக்க வேண்டும். இரண்டாவதில் துணியிலேயே படம் அச்சாகியிருக்கும். உறைப் படத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீலகிரித் தோடர்கள் துணியில் ஒரு கோடும் வரையாமல், இழையை எண்ணியேதான் கறுப்பிலும் சிவப்பிலும் தைக்கிறார்கள். அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எண்ணித் தைப்பது நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன். "எண்ணல் தையல்", "அச்சுப்படத் தையல்" சரிவருமா?

மலைக்காரியாக ஒரு குறிப்பு: மூட்டம் இறங்கும் மாதங்களில் துணியை, தைக்கும்போது இழுத்துப் பிடிக்கும் வளையத்தோடு விட்டுவைத்தால் வளையம் பட்ட இடத்தில் அழுக்குக் கோடு விழும், பூசணமும் பிடிக்கும். அன்றன்றைக்குக் கழற்றிவிட வேண்டும். தாளில் இடமிருந்தால் சேருங்கள்.

*

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

கடைக்காரன் என்ற முறையில் ஒரு வரி. "14 கட்டம் துணி கொடுங்க" என்று வந்து நின்றால், கட்டம் போட்ட துணியைத்தான் எடுத்துப் போடுவேன். லுங்கிக்கா சட்டைக்கா என்றும் கேட்பேன்.

*

அம்மாபேட்டையிலிருந்து:

கடைக்காரர் சொன்னதற்கு மேல் என்ன சொல்ல. தாளுக்குக் கட்டம், துணிக்குக் கண், பிரித்து வைத்துக்கொள்வோம். எங்கள் தொழிலிலும் கிராஃபில் இருப்பது கட்டம்தான், தறியில் அதை யாரும் கட்டம் என்று சொல்வதில்லை.

ஏற்காட்டு அம்மாவின் முதல் சந்தேகம் நியாயமானது. ஆனால் மீன்வலையில் கண் என்றால் முடிச்சையா சொல்கிறோம்? நாலு முடிச்சுக்கு நடுவில் உள்ள சதுரத்தைத்தான். அதுபோல, நாலு மூலையிலும் ஊசி இறங்கும் ஒரு சதுரம் ஒரு கண் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் 14ஆ 15ஆ என்ற பேச்சே வராது. லினனுக்குக் கண் வேண்டாம், இழை. "28 இழைத் துணி." இழையை எண்ணுவதை இழை என்று சொல்வதில் என்ன தடை?

*

அஸ்தம்பட்டியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இழையைப் பிரித்து எழுதியதில் முக்கால் சிக்கல் தீர்ந்தது. தாளின் முதல் பத்தி இப்போது இப்படி:

"நாலு மூலையிலும் ஊசி இறங்க இடமுள்ள ஒரு சின்னச் சதுரம் ஒரு கண். ஓர் அங்குலத்தில் 14 சதுரம் இருந்தால் அது 14 கண் துணி. உறையில் 14 கவுண்ட் என்று இருக்கும். கண் கூடினால் படம் சிறுக்கும். பேட்டர்னின் தையல் கணக்கைக் கண்ணால் வகுத்தால் படத்தின் அளவு அங்குலத்தில் வரும். நாலு பக்கமும் 3 அங்குலம் விட்டுத் துணி வெட்டுங்கள்."

மயில் கணக்கையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்: 140ஐ 14ஆல் வகுத்தால் 10, இரு பக்கமும் மும்மூன்று சேர்த்து 16; 98ஐ வகுத்தால் 7, அதோடு 6 சேர்த்து 13. 16க்கு 13 அங்குலத் துணி. "கண்ணால் வகுத்தால்" என்பதைப் படித்து என் மகள் சிரிக்கிறாள். "கண் எண்ணால்" என்று மாற்றிவிடுகிறேன்.

எண்ணல் தையல் ஏற்றுக்கொண்டேன். அச்சுப்படத் தையல் நீளம். "படம் அச்சிட்ட துணி" என்றே விட்டுவிடுகிறேன், கலைச்சொல் தேவையில்லை. ஆனால் அதோடு ஓர் எச்சரிக்கை சேர்க்கிறேன்: தைத்து முடித்து, அலசி, மை முழுதும் போகும்வரை இஸ்திரி வைக்கக் கூடாது. சூடு பட்டால் மை துணியிலேயே தங்கிவிடலாம். கிட்டைக் கிட் என்றே எழுதப் போகிறேன். "தையற்பொதி" என்று ஒருவர் தனிமடல் அனுப்பியிருந்தார்; பொதி என்றதும் கழுதை ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும்.

மற்ற சொற்களை ஓட்டமாகச் சொல்கிறேன், மறுப்பிருந்தால் எழுதுங்கள். பெருக்கல் குறியில் முதலில் போடும் சாய்வு அடிக்கால், அதன்மேல் விழுவது மேற்கால். படம் முழுக்க மேற்கால் ஒரே பக்கம் சாய வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் படும்போது அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரியும். ஓரக்கோட்டுக்குப் பின்தையல் என்ற பழைய பெயரே இருக்கிறது. தையலைப் பிரிப்பதற்கு ஆங்கிலக்காரர்கள் தவளையை இழுப்பார்கள்; "ரிப் இட்" (பிரித்தெடு) என்பது அவர்கள் காதில் தவளைச் சத்தம்போல் விழும். அது அவர்கள் மொழியின் ஒலி விளையாட்டு, நமக்குப் பிரிப்பது பிரிப்பதுதான்.

கொஞ்சம் யோசித்தது முடிச்சில்லாமல் தொடங்கும் முறைக்கு. எம்ப்ராய்டரி நூல் 6 இழையாக வருகிறது அல்லவா? அதில் ஓர் இழையை மட்டும் உருவி, இரண்டாக மடித்து, இரு முனைகளையும் ஊசியில் கோத்தால் மடிப்பு மறுமுனையில் வளையமாக நிற்கும். துணியின் பின்னாலிருந்து ஊசியை மேலே எடுத்து, அடிக்காலைப் போட்டுப் பின்பக்கம் இறக்கி, அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு மெல்ல இழுத்தால் நூல் பிடித்துக்கொள்ளும். பின்பக்கத்தில் புடைப்பே இருக்காது. 14 கண் துணிக்கு இரண்டிழை போதும் என்பதால் இந்த முறை அப்படியே பொருந்தும். 11 கண்ணுக்கு மூன்றிழை என்றால் பொருந்தாது, இரட்டைப்படையாக இருக்க வேண்டும். இதற்குக் "கண்ணித் தொடக்கம்" என்று வைத்திருக்கிறேன்.

ஊசி எண்ணும் ஐயாவின் நூல் நம்பர் மாதிரிதான்; எண் கூடினால் ஊசி சன்னம். 14 கண்ணுக்கு முனை மழுங்கிய 24ஆம் நம்பர், 18 கண்ணுக்கு 26. கூர் ஊசி வேண்டாம், இழையைக் குத்திக் கிழிக்கும்.

வாங்கும் பகுதியில் நான் அழுத்திச் சொல்வது சிதறலைப் பற்றி. புகைப்படத்தை மென்பொருளில் போட்டு அப்படியே பேட்டர்னாக்கி விற்கிறார்கள். நிறம் ஏராளமாக இருக்கும். பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கட்டம் பச்சை, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது வேறு பச்சை. ஒரு தையலுக்கு ஒரு நூல் மாற்ற வேண்டும். இதற்கு "சிதறல்" என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர் சிதறல் அதிகமுள்ள பேட்டர்னைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. தைத்து முடித்த துணியின் படம் போட்டிருக்கிறார்களா, கணினியில் வரைந்த படம் மட்டும்தானா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

நூல் விஷயம்: வெளிநாட்டு பேட்டர்ன்களில் பெரும்பாலும் டிஎம்சி என்ற நூல் நிறுவனத்தின் நிற எண்தான் இருக்கும். நம் கடைகளில் ஆங்கர் நிறுவனத்தின் நூல்தான் சுலபம். டிஎம்சி 310 கறுப்புக்கு ஆங்கர் 403 என்று மாற்றுப் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். கறுப்பில் தொல்லையில்லை; தோல் நிறத்திலும் இலைப்பச்சையிலும் பட்டியல் சொல்வது கிட்டத்தட்டதான். பாதிப் படத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவக் கூடாது.

*

ஏற்காட்டிலிருந்து:

கண்ணித் தொடக்கம் நன்று. சிதறலுக்கு இரண்டு கை தூக்குகிறேன். அடர் சிவப்பு நூல் சாயம் விடுமா என்று முன்னாலேயே ஈர வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்கச் சொல்லி ஒரு வரி போடுங்கள் அக்கா. முடித்த பிறகு தெரிந்தால் அழுகைதான்.

*

அம்மாபேட்டையிலிருந்து:

மேட்டியை விட்டுவிட்டீர்கள். முதல் பத்தியின் கடைசியில் இதைச் சேருங்கள்: "மேட்டி துணியானால் நீளம், அகலம் இரண்டிலும் கண் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அகலத்தை அகலக் கண்ணாலும் உயரத்தை நீளக் கண்ணாலும் வகுக்கவும்." அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு படி அனுப்புங்கள், கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.