டிரம் சாண்டரில் அளவு நிற்க மாட்டேன் என்கிறது, மரையை மாற்றலாமா?

காரைக்குடி பட்டறை:
பழைய வீடு பிரித்த பர்மாத் தேக்கில் கதவுப் பலகை போடுகிறேன். சாண்டர், அதாவது உப்புத்தாள் சுற்றிய டிரம் சுழன்று கீழே போகும் பலகையைத் தேய்க்கும் மெஷின், உள்ளூரில் செய்தது. மேசை பின்னால் கீலில் நிற்கும், முன்பக்கம் 12 மில்லி மரைக்கம்பி தூக்கும். துளி திருப்பினாலே அதிகம் ஏறிவிடுகிறது, சரியாக வைத்து, கம்பி சுற்றாமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கினால் வைத்த அளவும் மாறிவிடுகிறது. நேற்று ஒரு பலகை நடுவில் கறுப்பாக எரிந்துபோனது, அந்த மரத்துக்கு மறுபடி எங்கே போவேன்? நைஸ் மரை (நெருக்கமான மரை) போட்டால் சரியாகுமா?

தேவகோட்டை:
அண்ணே, முதலில் லாக் நட்டைக் கழற்றுங்கள். மரைக்கும் நட்டுக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், லாக் நட்டை இறுக்கும்போது கம்பி அந்த ஆட்டம் முழுக்க இழுபட்டு மேசையையும் நகர்த்திவிடும். நாங்கள் நட்டின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு மரை வெட்டி, உள்ளே நைலான் துண்டு வைத்து, சின்ன போல்ட்டால் அழுத்தியிருக்கிறோம். அதிர்வுக்கும் கம்பி சுற்றாது.

கோட்டையூர்:
தம்பி, நைஸ் மரை வேண்டாம், இன்னும் பெரிய மரையாகப் போடு. கணக்கைப் பார். 12 மில்லி கம்பிக்கு சாதா மரை 1.75 பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு 1.75 மில்லி நகரும். கீலுக்கும் கம்பிக்கும் சரிபாதியில் டிரம் இருந்தால், ஒரு சுற்றுக்கு டிரம்முக்கு நேர் கீழே 0.875 ஏறும், அதை வைத்து என்ன கோடு போடுவது? 16 மில்லி கம்பிக்கு பிட்ச் 2, பாதி என்றால் சுளையாக 1 மில்லி. 6 அங்குல வட்டத் தகட்டைக் கம்பியில் மாட்டி 20 கோடு போடு. ஒரு கோடு 0.05 மில்லி, கோட்டுக்குக் கோடு கிட்டத்தட்ட ஒரு அங்குலம் இடைவெளி கிடைக்கும், கண்ணாலேயே பாதியில் நிறுத்தலாம்.

அளவு தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றியே கொண்டுவா. தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம், உப்புத்தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், எரிவதற்கு அதுதான் காரணம். 80 நம்பர் தாளாக இருந்தாலும் ஒரு ஓட்டத்துக்கு 0.2க்கு மேல் கொடுக்காதே.

காரைக்குடி பட்டறை:
அளந்தேன் அண்ணே. கீலிலிருந்து டிரம் 11 அங்குலம் 6 நூல் (8 நூல் ஒரு அங்குலம்), கம்பி 22 அங்குலத்தில் இருந்தது. மேசை ஓரத்தில் ஆங்கிள் பற்றவைத்து 23 அங்குலம் 4 நூலுக்குத் தள்ளி, 16 மில்லி கம்பி போட்டாயிற்று. நைலான் துண்டும் வைத்தேன். டிரம்முக்கு நேராக மேசையில் டயல் கேஜை (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளில் காட்டும் கருவி) நிறுத்தித் தகட்டில் ஒரு கோடு திருப்பினேன், கேஜ் முள் சரியாக ஐந்து கோடு, அதாவது 0.05 மில்லி, நகர்ந்தது. போல்ட்டை இறுக்கினேன், முள் அசையவில்லை! உப்புத்தாளை மாற்றிவிட்டு நாளைக்குப் பலகை ஏற்றுகிறேன்.