ஜெர்மனியில் எம்எஸ் விண்ணப்பம், ஹீமோகுளோபின் 9.4, சுத்த சைவம்: என்ன செய்யலாம்?

பொன்னிக்கரை:
வணக்கம். சொந்த ஊர் கும்பகோணம், இப்போது சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறேன். அடுத்த குளிர்காலப் பருவத்துக்கு ஜெர்மனியில் எம்எஸ் விண்ணப்பிக்கிறேன். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மனி தரப்பில் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு அனுப்பிவிட்டேன், ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் இன்னும் எழுதவில்லை. வேலை முடிந்து வகுப்புக்குப் போய்த் திரும்ப ராத்திரி ஆகிவிடும், காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் கேண்டீன் சோறு, இரவு கிடைத்தது. கொஞ்ச நாளாகப் படித்தது மண்டையில் நிற்கவே இல்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.4, பி12 குறைவு, விட்டமின் டி அதைவிட மோசம். வீட்டில் முட்டைகூடக் கிடையாது, எனக்கும் சாப்பிட விருப்பம் இல்லை. அம்மா இந்த வருஷம் போகவே வேண்டாம் என்கிறார். இதனால் விசா நிற்குமா? அங்கே சைவமாக இருந்து உடம்பைத் தேற்ற முடியுமா, இல்லை ஒரு வருஷம் தள்ளிப் போடுவதுதான் நல்லதா?

எல்பேக்கரை:
தங்கச்சி, முதலில் விசா பயத்தை விடு. ஜெர்மனி மாணவர் விசாவுக்கு உடல் பரிசோதனைச் சான்றே கேட்பதில்லை. பிரிட்டனுக்கு என்றால் காசநோய்ப் பரிசோதனை உண்டு, கனடா, ஆஸ்திரேலியாவுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு, அதைக் கேட்டுவிட்டு யாரோ குழப்பியிருப்பார்கள். ரத்தசோகைக்காக ஒரு வருஷம் தள்ளிப் போட வேண்டாம், ஆனால் அதைச் சரி செய்யாமல் விமானம் ஏறவும் வேண்டாம். நான் இருப்பது ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில். இங்கே டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயில் இருந்தாலும் சாய்வாக விழுவதால் தோலில் விட்டமின் டி போதுமான அளவு உருவாகாது. நம் ஊரிலிருந்தே குறைவோடு வருகிறவர்களுக்கு முதல் குளிர்காலம் ரொம்பக் கஷ்டம், படுக்கையை விட்டு எழவே மனசு வராது, அது வெறும் வீட்டு ஞாபகம் என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள். அப்புறம் இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே. மாணவர் காப்பீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டினாலும், நீயாகக் கேட்டு எடுக்கும் விட்டமின் டி சோதனைக்குப் பொதுவாகக் காப்பீட்டில் பணம் வராது.

கீரைக்கட்டு:
நான் உணவியல் ஆலோசகர், சென்னையில்தான் இருக்கிறேன். 9.4 என்பது உணவால் மட்டும் ஏறிவிடும் அளவு இல்லை அம்மா, பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மருத்துவரைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை தொடங்குங்கள், கூடவே உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், அதை விட்டுவிட்டு என்ன சாப்பிட்டும் பயனில்லை. ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், உடம்பில் இருப்பு நிரம்ப அதற்கு மேலும் சில மாதங்கள் ஆகும். இன்னொன்று, கடையில் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். ரத்த அளவு தேறியதுபோல் காட்டும், பி12 குறைவால் நரம்புக்கு வரும் பாதிப்பு மறைவாகத் தொடரும். கை கால் மரத்துப்போவது, மறதி எல்லாம் இந்தக் குறைவிலும் வரும், படித்தது உங்கள் மண்டையில் நிற்காததில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

உணவில் உடனே மாற்ற வேண்டியது டீ. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ, காபி குடித்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரை, பருப்பு, சுண்டல், கேழ்வரகு இவற்றில் உள்ள இரும்பு கொஞ்சமாகத்தான் சேரும், எலுமிச்சை பிழிந்தாலோ நெல்லிக்காய், கொய்யா கூடச் சாப்பிட்டாலோ கூடுதலாகச் சேரும். பி12 செடியிலிருந்து கிடைக்காது. உங்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2.4 மைக்ரோகிராம், பெரிய டம்ளர் பாலில் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். ஏற்கெனவே குறைந்திருப்பதால் மாத்திரையோ ஊசியோ மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்தே ஆக வேண்டும். ஹாஸ்டலில் சமைக்க முடியாது என்றால் பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பேரீச்சை, தயிர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காலையில் பிஸ்கட்டுக்குப் பதில் அதுவே பரவாயில்லை. மகனோ மகளோ வெளிநாடு போகிறார்கள் என்றால் அப்ளிகேஷனுக்குச் செலவழிக்கிற கவனத்தில் கால்வாசி சாப்பாட்டுக்கு யாரும் தருவதில்லை, எனக்கு இது பெரிய வருத்தம்.

ஆகன்வாசி:
சைவமாக இருக்க முடியுமா என்றால் தாராளமாக முடியும். பல்கலைக்கழக உணவகம், மென்சா என்பார்கள், அங்கே பெரும்பாலும் தினமும் ஒரு சைவ உணவு இருக்கும். ஆனால் இங்கே சைவம் என்றால் அதில் முட்டை இருக்கலாம், உங்களுக்கு வேகன் என்று போட்டிருப்பதுதான் பாதுகாப்பு, அதில் பாலும் இருக்காது என்பதால் பாலை வீட்டில் குடித்துவிடுங்கள். மைசூர் பருப்பும் கொண்டைக்கடலையும் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். குவார்க் என்று ஒன்று விற்பார்கள், கெட்டித் தயிர் மாதிரி, 100 கிராமில் 12 கிராம் அளவுக்குப் புரதம், விலையும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

பெட்டியில் நெய், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு எதுவும் வைக்காதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. சாம்பார் பொடி, பருப்புப் பொடி, முருங்கைக்கீரைப் பொடி கொண்டு வாருங்கள். இண்டக்ஷனில் வேலை செய்யும் ஸ்டீல் குக்கர் ஒன்று கட்டாயம்.

பொன்னிக்கரை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி, அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். விசாவுக்காக முன்பே பணம் போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) 11,904 யூரோ போட வேண்டும் என்கிறார்கள், மாதம் 992 யூரோ கைக்கு வரும். இதில் சாப்பாட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியுமா?

எல்பேக்கரை:
முடியும், வாடகை எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் மாணவர் விடுதிக்குப் பதிய முயற்சி செய், வரிசை நீளம். வாடகையும் காப்பீடும் போக மிஞ்சுவதில் சமைத்துச் சாப்பிட்டால் பால், பருப்பு, காய்கறிக்குத் தட்டுப்பாடு வராது. பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி அசிஸ்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30, அதனால் கண்டதற்கெல்லாம் போடாதே. பல இடங்களுக்குக் கடைசி நாள் ஜூலை 15, சில இடங்களில் அதற்கும் முன்னாலேயே முடிந்துவிடும். ஐஇஎல்டிஎஸ் தேதியை மாத்திரை தொடங்கிச் சில வாரம் கழித்து வைத்துக்கொள், தெம்பாக எழுதலாம்.