பாரிசில் நாளுக்கு 40 யூரோ போதும்: விவாதிக்க வாருங்கள்

நடராஜா சர்வீஸ் (இந்த விவாதத் திரியைத் தொடங்கியவர்)

போன வாரம் வேறொரு திரியில் ஒருவர், கையில் நாளுக்கு 120 யூரோ இல்லாமல் பாரிஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்று எழுதியிருந்தார். 120 என்பது தங்குமிடம் பதிவு செய்யாமல் வருகிறவரிடம் விசாவுக்காகப் பிரெஞ்சு அரசு காட்டச் சொல்லும் தொகை. விடுதிப் பதிவு இருந்தால் 65 காட்டினால் போதும். எனக்கு அந்த 65 கூட ஆகவில்லை. நாளுக்கு 40-க்குள் முடித்தேன். விமானச் செலவு, விசாக் கட்டணம் 90 யூரோ, காப்பீடு இதெல்லாம் தனி.

போனது 2025 செப்டம்பர் 29, திங்கள். கிளம்பியது அக்டோபர் 7, செவ்வாய். திங்களன்று இறங்கியது திட்டம் போட்டுத்தான். அங்கே நவிகோ என்னும் வாரப் பயண அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். புதன்கிழமை வாங்கினாலும் ஞாயிறோடு சரி. நான் போனபோது 31.60 யூரோ, அட்டைக்கு 5. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் ரயிலும் அதில் அடக்கம். அதற்கு மட்டும் தனிச் சீட்டு எடுத்தால் அப்போது 13.

அடுத்தது, மாதத்தின் முதல் வெள்ளியும் முதல் ஞாயிறும் அந்த வாரத்தில் விழும்படி பார்த்துக்கொண்டேன். முதல் வெள்ளி மாலை 6 மணிக்கு மேல் லூவ்ர் அருங்காட்சியகம் இலவசம் (ஜூலை, ஆகஸ்ட் தவிர), முன்பதிவு மட்டும் வேண்டும். முதல் ஞாயிறு ஓர்சே அருங்காட்சியகம் இலவசம். கார்னவாலே, பெத்தி பாலே அருங்காட்சியகங்கள் இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்கு என்றுமே கட்டணமில்லை. நோத்ர தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் திரும்பத் திறந்துவிட்டது, உள்ளே போகக் காசு கிடையாது. ஈஃபில் கோபுரத்துக்கு வியாழன் போனேன், நாடு தழுவிய வேலைநிறுத்தம், மூடியிருந்தது. சனிக்கிழமை போய் 674 படி ஏறி இரண்டாம் தளத்தில் நின்றேன். படிக்கட்டுச் சீட்டு 15 யூரோவுக்குள் முடிந்தது.

சாப்பாடு? காலையில் பகெத் ரொட்டி ஒன்று, பாலாடைக்கட்டி, தக்காளி. மதியம் போன் நெஃப் பாலத்தின் சிலைக்குப் பின்னால் படியிறங்கினால் தீவின் நுனியில் ஒரு பூங்கா வரும், வெர் கலான் என்று பெயர். அங்கே உட்கார்ந்து அம்மா கட்டிக்கொடுத்த தக்காளித் தொக்கை ரொட்டியில் தடவினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சுத் தாத்தா மோப்பம் பிடித்துக் கேட்டு வாங்கி, ஒரு வாய் தின்றுவிட்டு ஐந்து நிமிடம் இருமினார். (நெய் எடுத்துப் போகாதீர்கள். பால் பொருளும் இறைச்சியும் நம் ஊரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது.)

தண்ணீருக்கு ஒரு சென்ட் செலவழிக்கவில்லை. தெருவில் பச்சை இரும்பில் நான்கு பெண்கள் கூரையைத் தாங்கி நிற்பார்கள், நடுவில் நூல்போல் தண்ணீர் விழும். 1870-இல் பிரஷ்யப் படை ஊரை முற்றுகையிட்டதற்குப் பிறகு ஊரில் குடிதண்ணீருக்குத் திண்டாட்டம் வந்தபோது, ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் தன் காசில் 1872-இல் வைத்த தண்ணீர்ப் பந்தல் அது. இன்றும் ஓடுகிறது.

கணக்கு: படுக்கை 152. வார அட்டை 36.60. கடைசி நாள் விமான நிலையத்துக்கு 15, அதாவது சீட்டு 13, அதை ஏற்றும் அட்டை 2. வார அட்டை முடிந்த மறு திங்கள் மெட்ரோ இரண்டு முறை 5. கோபுரம் 15. சாப்பாடு நாளுக்கு 14 வீதம் 126. ஆக ஏறக்குறைய 350. ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், 39.

மாம்பலம் மாமா

நீங்கள் கிளம்பிய பன்னிரண்டாம் நாள் லூவ்ரில் நகை களவு போயிற்று. அந்தக் கணக்கையும் சேர்த்தீரா?

கணக்குப்பிள்ளை

மாமா சும்மா இரும். எனக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம். எட்டு இரவுக்குப் படுக்கை 152 என்றால் இரவுக்கு 19. பாரிஸ் நகருக்குள் 19 யூரோவுக்குப் படுக்கை எங்கே கிடைத்தது? அந்த விடுதியின் பெயரைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் நாளைக்கே பதிவு செய்வார்கள்.

நடராஜா சர்வீஸ்

படுக்கை 38 யூரோ, எட்டுப் பேர் அறை. திங்கள் முதல் வியாழன் வரை நான்கு இரவு. மீதி நான்கு இரவு பாரிசின் புறநகரான லா கூர்னெவில் தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். என் அத்தை மகனின் நண்பர் குடும்பம், பாண்டிச்சேரிக்காரர்கள்.

கணக்குப்பிள்ளை

அப்படிச் சொல்லுங்கள். இதைத் தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டாமா? பாரிசில் எல்லோருக்கும் அத்தை மகனின் நண்பர் இருப்பாரா?

வெள்ளி, சனி இரவுகளில் அதே மாதிரிப் படுக்கை 50-ஐத் தாண்டும் என்பது நீங்கள் அறியாததா? விலை ஏறும் இரவுகளாகப் பார்த்து வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். நான் போட்டுப் பார்க்கிறேன்: வெள்ளி 52, சனி 52, ஞாயிறு 40, திங்கள் 38. மொத்தம் 182. உங்கள் 350-உடன் கூட்டினால் 532. நாளுக்கு 59. தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் 65 ஒன்றும் வாயில் வந்த எண் இல்லை என்று தெரிகிறதா?

இன்னொன்று. நான்கு இரவு வீட்டில் தங்கினீர்கள், எட்டு இரவுக்கும் விடுதிப் பதிவு காட்டி விசா வாங்கினீர்களா?

நடராஜா சர்வீஸ்

பதிவு செய்திருந்தேன். அங்கே போன பிறகு அவர்கள் வற்புறுத்தியதால் மீதியை ரத்து செய்தேன். முன்கூட்டியே திட்டமிட்டது இல்லை.

59 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 120-இல் பாதிதானே? நான் சொல்ல வந்தது அதுதான்.

தோள்பை

நடராஜா, நீங்கள் ஆண். அதனால் எட்டுப் பேர் அறை ஒரு வரியில் முடிந்துவிட்டது. நான் 2023-இல் தனியாகப் போனேன். ஊருக்கு வெளியே 12 யூரோ குறைவாக ஒரு விடுதி கிடைத்தது, ரயிலடியிலிருந்து நடக்கும் தூரம் என்று போட்டிருந்தார்கள். நடக்கும் தூரம்தான், ஆனால் இரவு 11 மணிக்கு, கடை எல்லாம் கதவை இறக்கிய தெருவில், பின்னாலேயே ஒருத்தன் வர, 18 நிமிடம். மறுநாளிலிருந்து இருட்டியதும் டாக்சி. மூன்று இரவில் மிச்சம் பிடித்த 36 யூரோ போய், மேலே 20 யூரோ கைநட்டம். நான்காம் நாள் ஊருக்குள் பெண்களுக்கான அறைக்கு மாறினேன்.

யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். சோற்றில் மிச்சம் பிடியுங்கள், அருங்காட்சியகத்தில் மிச்சம் பிடியுங்கள், படுக்கும் இடத்தில் மட்டும் பிடிக்காதீர்கள்.

சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் நூல் கட்ட வருகிறவர்கள், கையெழுத்துக் கேட்டு அட்டையோடு சூழ்ந்துகொள்ளும் பெண்கள், இவர்களைப் பற்றியும் நடராஜா எழுதியிருக்கலாம். கையை நீட்டினால் நூலைக் கட்டிவிட்டுக் காசு வாங்காமல் விடமாட்டார்கள். இரண்டு கையையும் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு படியேறுங்கள்.

மாம்பலம் மாமா

என்னைச் சும்மா இருக்கச் சொன்னீர்கள், இருந்தேன். இப்போது சொல்கிறேன். நானும் மாமியும் குழுச் சுற்றுலாவில் போனோம். பாரிசில் ஒன்றரை நாள். இரவு சூடாகச் சாதம், சாம்பார். நீங்கள் எல்லாம் சிரிப்பீர்கள், தெரியும்.

நடராஜா சர்வீஸ்

சிரிக்கவில்லை மாமா. ஆனால் ஒன்றரை நாளில் என்ன பார்த்தீர்கள்? பேருந்திலிருந்து இறக்கி, கோபுரத்தின் முன் இருபது நிமிடம் படம் எடுக்கச் சொல்லி, திரும்ப ஏற்றியிருப்பார்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்கு லூவ்ரின் பெரிய படிக்கட்டில் நான் நின்றேன். மேலே தலையில்லாத, சிறகு விரித்த அந்தப் பழைய கிரேக்கச் சிலை, சமோத்ராஸ் வெற்றித் தேவதை. முன்னால் ஒரு பத்துப் பேர்தான் இருப்பார்கள். கல்லில் செதுக்கிய துணி வயிற்றில் ஒட்டி, ஈரத்துணி மாதிரி இருந்தது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதைக் குழுவில் யார் தருவார்கள்?

மாம்பலம் மாமா

உட்கார்ந்தீர், சரி. மாமிக்கு இரண்டு முழங்காலும் மாற்றியிருக்கிறது. பாரிஸ் மெட்ரோவில் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, அது தெரியுமா உமக்கு? முழுக்க முழுக்க லிஃப்ட் உள்ளது 14-ஆம் தடம் ஒன்றுதான். மற்றதெல்லாம் நூறு வருஷத்துப் பழைய சுரங்கம், இறங்கு, ஏறு, வளைந்து நட, மறுபடி இறங்கு. உம்முடைய நடராஜா சர்வீஸ் 674 படி ஏறும். எங்களுக்கு அந்தப் பேருந்து வாசலில் வந்து நின்றதே பெரிது. 40 யூரோ என்று எழுதும்போது, ‘முழங்கால் நன்றாக உள்ளவர்களுக்கு’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை

மாமாவுக்கு இந்த முறை முழு மதிப்பெண்.

லாச்சப்பல் அக்கா

வணக்கம். நான் இந்தத் தளத்தில் வாசிக்கிறதோடு சரி, எழுதுவதில்லை. லா கூர்னெவ் என்று கண்டதும் எழுத வேண்டி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து 22 வருடம். முதல் பத்து வருடம் லா கூர்னெவில்தான் இருந்தோம்.

நடராஜா தம்பி, உங்களைக் குறை சொல்லவில்லை, நீங்கள் தங்கிய வீட்டுக்காரரை எனக்குத் தெரியாது. எங்கட வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். 38 சதுர மீட்டர், நாங்கள் நான்கு பேர். விருந்தாளி வந்தால் கூடத்துச் சோபாவை விரித்துவிடுவோம். விரித்தால் குசினிக் கதவு முழுதாகத் திறக்காது. மகள் கணக்குப் பாடத்தைக் குளியலறைக்குள் மூடிய கொமட்டில் இருந்து செய்வாள். இவர் சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை, இரவு ஒரு மணிக்குத்தான் வருவார். லைட் போடாமல், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சோபாவைச் சுற்றி வருவார், வந்த பிள்ளை நித்திரை குழம்பக் கூடாது என்று. காலையில் அந்தப் பிள்ளை, "அக்கா, அண்ணன் வரவே இல்லையா?" என்று கேட்டான்.

அப்படி எத்தனை பேர் வந்து போனார்கள். எல்லோரும் நல்ல பிள்ளைகள். ஒருவர் போகும்போது அன்பளிப்பாகக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற ஈஃபில் கோபுரம் வாங்கித் தந்தார். பாரிசில் இருக்கிற எங்களுக்கு! இன்னும் ஒட்டியபடிதான் இருக்கிறது.

வீட்டில் தங்குவதாகச் சொல்லி விசா எடுப்பதென்றால் வீட்டுக்காரர் மேரியில், அதாவது நகரசபையில், அத்தாட்சிப் பத்திரம் எடுக்க வேண்டும். 30 யூரோ முத்திரை. வீட்டின் அளவு, சம்பளத் துண்டு எல்லாம் கேட்பார்கள். அதனால்தான் பலர் விடுதிப் பதிவைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். அது வில்லங்கம். எல்லையில் கேட்டால் வந்தவரும் வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டும்.

லாச்சப்பலுக்கு வாருங்கள், வீட்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. கார் து நோர் ரயிலடியில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் தமிழ்க் கடை. இரண்டு ரோல்ஸ், ஒரு தேத்தண்ணி, ஐந்து யூரோ தாண்டாது. இடியப்பம் வாங்கிக் கட்டிக்கொண்டு போகலாம், பாலாடைக்கட்டியே தின்று வயிறு கெட வேண்டாம்.

நடராஜா சர்வீஸ்

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நான் தங்கிய வீட்டிலும் கூடத்துச் சோபாதான். நான் பாத்திரம் கழுவினேன், ஒரு நாள் சமைத்தேன், இனிப்பு கொண்டுபோனேன். அது போதும் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டு அண்ணன் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவார் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் எழுந்திருக்கும்போது அவர் இருக்கமாட்டார்.

கணக்குப்பிள்ளை

அவர்கள் வீட்டில் தங்கியது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. கூப்பிட்டார்கள், போனீர்கள். அதை ‘40 யூரோ போதும்’ என்ற தலைப்பில் எழுதியதுதான் எனக்குக் குத்தியது. நீங்கள் கட்டாத காசை இன்னொருத்தர் தூக்கத்தில் கட்டியிருக்கிறார்.

தோள்பை

இந்த 2026 ஜனவரியிலிருந்து லூவ்ர் கட்டணம் நமக்கு 32 யூரோ ஆகிவிட்டது, யாரும் குறிப்பிடவில்லையே? ஐரோப்பியர்களுக்குப் பழைய 22-தான்.

லாச்சப்பல் அக்கா

ஓம். 14-ஆம் திகதியிலிருந்து. வார அட்டையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. எனக்கு லூவ்ர் 22, என்னைப் பார்க்க ஊரிலிருந்து வருகிற அம்மாவுக்கு 32. இதையும் ஒருத்தர் தனித் திரியாகத் தொடங்கிச் சண்டை பிடியுங்கள், நான் வருகிறேன்.

நடராஜா சர்வீஸ்

முதல் பதிவைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன், மேலே இன்னும் பழையதுதான் தெரிகிறது. 40-ஐ அடித்து 59 என்று போட்டிருக்கிறேன். கணக்குப்பிள்ளையின் 182 அப்படியே இருக்கிறது. முழங்கால் வரியும் சேர்த்தாயிற்று, மாமா. தலைப்பை மாற்ற எனக்கு அனுமதி இல்லை, மட்டுறுத்துநர் பார்த்துச் செய்ய வேண்டும்.

மாம்பலம் மாமா

நல்லது. என் தங்கை பையன் ஏப்ரலில் போகிறான். உம்முடைய சூத்திரப்படி முதல் ஞாயிறு ஓர்சே இலவசம், அப்படித்தானே? ஏப்ரல் 5 வருகிறது. அந்த வார அட்டைக்குப் புகைப்படம் வேண்டுமாமே, நம் ஊர் பாஸ்போர்ட் படம் சரிப்படுமா?

லாச்சப்பல் அக்கா

பாஸ்போர்ட் படம் பெரிது, 25-க்கு 30 மில்லிமீட்டராக வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டாமல் பையில் வைத்திருந்து பிடிபட்டால் அபராதம். ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு. பாதி ஐரோப்பா இங்கேதான் நிற்கும். இலவசச் சீட்டு இணையத்தில் திறந்த அன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஈஸ்டருக்கு விடுதி விலையும் ஏறும், கணக்குப்பிள்ளையிடம் கேட்டுப் போடுங்கள்.