போலோ ஜிடி டிஎஸ்ஐ ரீமேப்: டார்க்கா, ஹார்ஸ்பவரா?

நண்பர்களே, ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ. கம்பெனிக் கணக்கில் 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டுவது, செய்ய ஆசை. டியூனர் இரண்டு வழி சொல்கிறார்.

ஒன்று, 2000 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 235 நியூட்டன் மீட்டர், 5000-இல் அது 170 ஆக இறங்கிவிடும். மற்றொன்று, உச்சம் 205 தான், ஆனால் 5000-இலும் 190 நிற்கும். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்குமே, அந்தக் கணக்கில் 5000-இல் முதலாவது 121, இரண்டாவது 135.

ஊருக்குள் ஓட்ட முதலாவதுதான் சுகம். ஆனால் இதில் இருப்பது டிகியூ200 டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அதுவும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். அதன் தாங்குதிறன் 250 நியூட்டன் மீட்டர் என்பதால் 235 என்பது ஓரத்தில் நிற்பது மாதிரி. குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) ஏற்றினால் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு. இரண்டாவதிலும் சிக்கல் இருக்கிறது. சின்ன டர்போ அதிக ஆர்பிஎம்மில் மூச்சுத் திணறும், காற்று சூடாகும், நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) வந்தால் ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், பற்றவைக்கும் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், டார்க் குறையும். நம்ம மே மாத வெயிலில் அந்த 190 நிற்குமா?

என் மனம் இரண்டாவது பக்கம். இதே காரை ரீமேப் செய்து ஓட்டுபவர்கள் கிளட்ச் எப்படி இருக்கிறது, எந்த ஆக்டேன் பெட்ரோல் போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். மூன்றாவது கியரில் ஓட்டும்போது பதிவு செய்த இன்ஜின் தரவு (லாக்) இருந்தால் இன்னும் நல்லது. டைனோ (சக்தியை அளக்கும் இயந்திரம்) தாள் மட்டும் வேண்டாம், அதை டியூனரே காட்டிவிட்டார்.