ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல

திருமங்கலம்: அண்ணே, தங்கச்சி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற டெஸ்க்டாப். ஃபேன் சுத்துது, மானிட்டர் கருப்பாவே கிடக்கு. சில நேரம் விண்டோஸ் லோகோ வந்து அணைஞ்சிருது. பரீட்சை நெருங்குது, என்ன செய்யலாம்?

அண்ணாநகர்: பிளக்கைப் புடுங்கிட்டு ரேமை, அதான் மெமரி பட்டையைக் கழட்டி, அதோட தங்கநிற முனையை ரப்பரால மெதுவாத் துடைங்க தம்பி.

மேலூர்: லோகோவுல அணையுதுன்னா எனக்கு எஸ்எம்பிஎஸ், அதான் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுக்குற பெட்டி மேலதான் சந்தேகம். கரண்ட் ஏறி இறங்குனா முதல்ல அடிவாங்குறது அதுதான். ஓடும்போது வோல்ட் அளக்குற மல்டிமீட்டரை வைங்க. அதுலேர்ந்து வர்ற 12 வோல்ட் மஞ்சள் வயர் 11.4 வோல்ட்டுக்குக் கீழ போகக்கூடாது.

திருமங்கலம்: துடைச்சதும் டிஸ்ப்ளே வந்துருச்சுண்ணே! ஆனா அணையுறது நிக்கல. மஞ்சள் வயர் 10.9 காட்டுது.

மேலூர்: அப்ப எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திருங்க, அதுவரை ஆன் பண்ணவே வேணாம், மதர்போர்டும் போயிரும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்துறாதீங்க தம்பி, பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள கப்பாசிட்டர்ல கரண்ட் தேங்கி நிக்கும். தங்கச்சி நோட்ஸ் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமாத்தான் இருக்கும், படிக்கச் சொல்லுங்க.