யாட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (கப்பல் தொழில் பாடக் குறிப்பு, அவசரம்)

மடல் 1: தொழிற்பயிற்சி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை புதிய வகுப்பு தொடங்குகிறது. பற்றவைப்பும் குழாய் வேலையும் மின்வேலையும் படித்து முடித்து, கப்பல் கட்டும் தளங்களுக்கு வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகள். நாட்டில் கப்பல், யாட் (yacht) கட்டும் தொழில் எப்படி வளர்கிறது என்பதுதான் முதல் பாடம். விசாகப்பட்டினத்தில் 1941இல் தளம் அமைந்தது, 1948இல் அங்கிருந்து 'ஜல உஷா' நீரில் இறங்கியது, கொச்சியில் கட்டிய விக்ராந்த் 2022இல் கடற்படையில் சேர்ந்தது என்று வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு வருகிறேன். கப்பல் கட்டுவோருக்கான நிதியுதவிக்கு 24,736 கோடி, கடல்சார் வளர்ச்சி நிதிக்கு 25,000 கோடி, தளங்களை விரிவாக்கும் திட்டத்துக்கு 19,989 கோடி.

எண்களில் சிக்கல் இல்லை, சொற்களில்தான் தடுமாறுகிறேன். 'கப்பல் கட்டுமானத் தொழில்' என்று தலைப்பிட்டால் சிமென்டும் செங்கல்லும்தான் நினைவுக்கு வருகின்றன. யாட்டுக்கு எல்லோரும் எழுதுகிற 'உல்லாசப் படகு' எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிறு இரவு அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உதவுங்கள்.

மடல் 2: புலவர்

அம்மா, வணக்கம். நாம் புதிதாக ஆக்கவே வேண்டாம், எடுத்துக்கொண்டால் போதும்.

மணிபல்லவத் தீவுக்குப் போவதற்காக மன்னன் புண்ணியராசன் யாரை அழைக்கிறான்? 'கலஞ்செய் கம்மியர் வருகெனக் கூஉய்' என்கிறது மணிமேகலை. ஆக, தொழிலின் பெயர் 'கலஞ்செய் தொழில்'. தொழிலாளி 'கலக்கம்மியர்'. கம்மியர் செத்த சொல்லும் அல்ல. தொழிற்பயிற்சி நிலையச் சேர்க்கை அறிவிப்பில் மோட்டார் வண்டிக் கம்மியர் என்று இன்றும் இருக்கிறது.

யாட்டுக்குச் சிலம்பைப் பாருங்கள். ஊர்காண் காதையில் வையையில் நீராடப் போகிறவர்கள் 'ஓங்குநீர் மாடமொடு நாவாய் இயக்கி'ப் போகிறார்கள். செல்வர் இன்பமாகப் பொழுதுபோக்க நீரில் மிதக்கும் மாடம். இதைவிடப் பொருத்தமாக இன்னொரு சொல் கிடைக்குமா? யாட் என்பது நீர்மாடம். அதுவும் வேண்டாமென்றால் படகைக் குறிக்கும் அம்பி இருக்கிறது. குதிரை முகம், யானை முகம், சிங்க முகம் வைத்த அம்பிகள் புறஞ்சேரி இறுத்த காதையில் வருகின்றன.

மடல் 3: கப்பல் வடிவமைப்புப் பொறியாளர்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நீர்மாடம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் யாட் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

> செல்வர் இன்பமாகப் பொழுதுபோக்க

இதை ஏற்க முடியவில்லை, ஐயா. கோவாவில் கட்டிய தாரிணியும் ஒரு யாட்தான். நீளம் 17 மீட்டர். 2017–18இல் கடற்படையின் ஆறு பெண்கள் அதில்தான் உலகைச் சுற்றி வந்தார்கள். 2024 அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் இன்னொரு அதிகாரி தில்னாவுமாக இரண்டே பேர் அதே தாரிணியில் கிளம்பி, தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைக் கடந்து அடுத்த மே மாதம் கோவா திரும்பினார்கள். அந்தப் பயணத்தில் உல்லாசமும் இல்லை, மாடமும் இல்லை. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் பாயைப் பார்த்துக்கொள்ளும் வாழ்க்கை அது. பாய்மர யாட்டில் மேலே எடை ஏறினால் நிலைப்பு குறையும். அதனால்தான் ஈயத்தையோ இரும்பையோ அடியில் வைத்துக் கட்டுகிறார்கள். மாடம் என்று பெயர் வைத்தால் மாணவர் மனத்தில் படமே தலைகீழாக விழும்.

'படகு' என்பதும் இடிக்கிறது. நூறு மீட்டரைத் தாண்டிய யாட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் படகு என்று எப்படிச் சொல்வது?

மூலச்சொல் டச்சு மொழியினுடையது. 'யாக்ட்' என்றால் வேட்டை, துரத்தல். விரைந்து துரத்துகிற கலம் அது. 1660இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு 'மேரி' என்ற யாட்டைப் பரிசளித்த பிறகுதான் அரசர்களின் பொழுதுபோக்காக அது பரவியது. ஆகவே வேகம், தன் விருப்பத்துக்குச் சுற்றிவருதல் இரண்டும் சொல்லுக்குள் இருந்தால் நல்லது. 'உலாக்கலம்' எப்படி? சரக்கும் ஏற்றாமல், கட்டணப் பயணியும் ஏற்றாமல் தன் பாட்டில் உலவுகிற கலம்.

மடல் 4: கடலூர் படகுத் தச்சர் குடும்பத்தவர்

எல்லோருக்கும் வணக்கம். நான் இலக்கியம் படித்தவன் அல்லன். கப்பல் 'செய்வது' என்று புலவர் ஐயா எழுதியதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எங்கள் அப்பா ஒருநாளும் செய்கிறோம் என்று சொன்னதில்லை. 'வள்ளம் கட்றோம்' என்றுதான் சொல்வார். காரணம் இருக்கிறது. ஆணி அடிப்பதற்கு முன்னால் பலகையோடு பலகை வைத்துத் துளை போட்டுக் கயிற்றால் தைத்தார்கள். கட்டுமரம் என்பதே கட்டிய மரம்தான். 'கட்டு' வீட்டிலிருந்து கடலுக்கு வந்த சொல் இல்லை. எங்கள் பக்கத்தில் அது எப்போதும் இருந்தது.

அப்புறம், பாடத்தில் அடிமரத்துக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? நாங்கள் ஏரா என்போம். முன்பக்கம் அணியம். பலகை இடுக்கில் பஞ்சு திணித்துத் தண்ணீர் புகாமல் அடைப்பது கலப்பத்து. இவை எல்லாம் பட்டறைகளில் இன்னும் புழங்குகிற சொற்கள்.

மடல் 5: புலவர்

தம்பி, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். ஏரா, அணியம் இரண்டும் பாடத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும். கலப்பத்து என்று நீங்கள் சொல்வது 'கலப்பற்று' என்பதன் மரூஉ. கலத்தைப் பற்றிக்கொள்வது, கலத்துக்குப் பற்று வைப்பது. ஈயப்பற்று, பற்றாசு, பற்றவைப்பு எல்லாம் ஒரே வேர். அம்மாவின் மாணவர்கள் படித்துவிட்டு வந்த பற்றவைப்பு இங்கே வந்து சேர்வதைப் பாருங்கள்!

பொறியாளரின் உலாக்கலத்தையும் எண்ணிப் பார்த்தேன். உலவு, உலா, உலகு மூன்றும் ஒரு வேர் என்பது என் கருத்து. உல் என்றால் வளைதல். வளைந்து சுற்றுவது உலகு. உலகைச் சுற்றிய தாரிணி உலாக்கலம். வேர் பொருந்துகிறது. இருந்தாலும் நீர்மாடத்தை விட மனம் வரவில்லை. மாடம் என்றால் உயரம் மட்டும் அல்ல, உறையுள் என்றும் பொருள் விரியும். யாட்டில் மனிதர் உண்டு உறங்கி வாழ்கிறார்கள் அல்லவா?

மடல் 6: அகராதிப் பணியில் இருப்பவர்

கலப்பத்து போர்த்துகீசிய 'கலஃபாத்தே'. அங்கே அது அந்த வேலையைச் செய்பவரைக் குறிக்கும். அதே சொல் அரபியிலும் உண்டு. சுக்கான் அரபி, மாலுமி அரபி. கடல் வழியாக வந்த சொற்களுக்காக நாம் வருத்தப்பட வேண்டியதில்லை. நம் கப்பலும் மலாயில் 'கபால்' ஆகி அங்கேயே தங்கிவிட்டது. வேரைக் காட்டித்தான் ஒரு சொல்லைக் காப்பாற்ற முடியும் என்றால், பட்டறையில் பேசுகிற பாதிச் சொற்களைக் கைவிட வேண்டியிருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். 'கலக்கம்மியர்' என்பதைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். எல்லோரும் 'கலக்கம்' என்று வாசித்து நிற்பார்கள். 'கப்பல் கம்மியர்' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அம்பியும் வேண்டாம். இன்று அது தம்பியைக் கூப்பிடுகிற சொல்.

உலாக்கலம் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. உலா என்றால் அரசன் பவனி வருவதும் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தார் பார்த்து நிற்பதும்தான் நினைவுக்கு வரும். பந்தயத்துக்கான யாட்டை உலா என்று சொல்ல முடியாது. வகுப்பில் யாட் என்றே சொல்லுங்கள். கார், பஸ் வந்தபோது தமிழ் குறைந்துபோகவில்லை.

'கட்டுமானம்' பற்றியும் சொல்கிறேன். தேய்மானம், பிடிமானம், சேர்மானம் எல்லாம் நம் பேச்சில் இயல்பாக விளைந்தவை. அந்த ஈறு வடமொழியா என்று ஆராய்ந்து அதைத் தள்ள வேண்டாம். ஆனால் இங்கே அது தேவையும் இல்லை. 'கப்பல் கட்டும் தொழில்' போதும்.

மடல் 7: பொறியாளர்

'கட்டும்' என்பதற்கு என் வாக்கும். ஆனால் பாடத்தில் ஒரு வரி சேருங்கள், அம்மா. இன்று எஃகுக் கப்பலைக் கட்டுவது பெரும்பாலும் பற்றவைப்பதுதான். பல நூறு டன் எடையுள்ள கண்டங்களை, அதாவது கப்பல் உடலின் பெரிய துண்டுகளை, கொட்டகைக்குள் தனித்தனியாகச் செய்து, குழாய்களையும் கம்பிகளையும் முடிந்தவரை அங்கேயே பொருத்தி, பிறகு தளத்தில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். யாட் வேறு மாதிரி. பெரும்பாலும் அச்சுக்குள் கண்ணாடியிழையும் பிசினும் அடுக்கடுக்காக ஏற்றி உடலை எடுப்பார்கள். பெரியவை அலுமினியத்திலும் எஃகிலும். உள்ளே நுட்பமான மரவேலை. இரண்டும் ஒரே தலைப்பில் வந்தாலும் கைத்திறன் வேறு. உங்கள் பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போகலாம் என்பதே இதைப் பொறுத்தது. உலகக் கப்பல் கட்டுதலில் சீனா, கொரியா, ஜப்பான் மூன்றுக்கும் சேர்த்து 90 விழுக்காட்டுக்கு மேல், நமக்கு 1 விழுக்காட்டுக்கும் கீழே என்று எழுதும்போது, அந்தக் கணக்கில் யாட்டுகள் அநேகமாக வராது என்பதையும் சொல்லுங்கள். அது கப்பலின் கொள்ளளவை வைத்துப் போடும் கணக்கு. 'மொத்த டன்' என்று இருப்பதைப் பார்த்து எடை என்று நினைத்துவிடப் போகிறார்கள்.

மடல் 8: ஆசிரியர்

ஞாயிறு இரவு பத்து மணி. முடித்தாக வேண்டும்.

தலைப்பு: 'நாட்டின் கப்பல், யாட் கட்டும் தொழில்'. முதல் பக்கத்தில் யாட் என்று எழுதி அருகில் உலாக்கலம் என்று கொடுத்திருக்கிறேன். அதன்பின் யாட் மட்டும். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ஐந்து பேர் இதற்கு உடன்பட்டீர்கள். கப்பல் கம்மியர் உண்டு. ஏரா, அணியம் உண்டு. கடலூர்த் தம்பி சொன்ன தையல் பலகைச் செய்தியைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கிறேன். கொள்ளளவு பற்றிய வரியும் சேர்ந்துவிட்டது. கலப்பத்தை அப்படியே விட்டேன், வேர் எதையும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மடல் 9: புலவர்

அம்மா, பாடம் நன்றாக நடக்கட்டும். பெரும்பான்மையை மதிக்கிறேன். என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை மட்டும் இழையில் பதிந்துவைக்கிறேன். 'நாவாய் இயக்கி' என்ற அந்த வரியில் வையை ஆற்றுக்குள்ளேயே நாவாய் ஓடுகிறது. அப்படியானால் நாவாய் கடலுக்கு மட்டும் உரிய பெருங்கலம் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதே சரியா? அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

மடல் 10: கடலூர் படகுத் தச்சர் குடும்பத்தவர்

ஐயா, தொடங்குங்கள். பின்பக்கத்துக்கு என்ன சொல் போட்டீர்கள் என்று ஆசிரியர் அம்மா சொல்லவே இல்லையே?