லேசிக் முடிந்து நான்கு மாதங்கள்: கருவிழியில் தொடுவுணர்ச்சி திரும்பவில்லை

கேள்வி:
வணக்கம். மைனஸ் 6.5 பவர் இருந்த இரண்டு கண்களுக்கும் லேசிக் (லேசரால் கருவிழியைச் செதுக்கிப் பார்வையைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டு நான்கு மாதங்கள் ஆகின்றன. பார்வையில் குறையில்லை. ஆனால் நேற்று முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான், வலது கருவிழியின் மீதே ஓர் இமைமுடி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். முன்பெல்லாம் அப்படி விழுந்தால் கண்ணைத் திறக்கவே முடியாது. இப்போது உறுத்தல்கூட இல்லை. மாலையில் பார்வை சற்று மங்குகிறது, இமைத்தால் தெளிகிறது. இந்த மரத்த நிலை நிலைத்துவிடுமா? எரிச்சல் இல்லாததால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன், அது சரிதானா?

பதில் 1:
எனக்கும் இப்படித்தான் இருந்தது. ஏழாம் மாதம் குளிக்கும்போது சோப்பு நுரை பட்டுக் கண் சுரீரென்று எரிந்த பிறகுதான் உணர்ச்சி திரும்பியது தெரிந்தது. சோப்பு எரிச்சலுக்கு நான் மகிழ்ந்தது அந்த ஒருமுறைதான்.

பதில் 2:
நான் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வைப் பரிசோதகர்). கருவிழியின் நரம்பிழைகள் விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கி ஓடுகின்றன. மேலடுக்கை மடலாக வெட்டித் தூக்கும்போது, கீல் போல விடப்படும் சிறு பகுதியைத் தவிர மற்றெல்லாப் பக்கங்களிலும் அவை அறுபடுகின்றன. பவர் கூடுதலாக இருந்தால் லேசர் செதுக்கும் ஆழமும் கூடுவதால், மீள்வதும் தாமதமாகலாம். பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் உணர்ச்சி ஏறத்தாழ பழைய நிலைக்கு வந்துவிடுகிறது; நரம்பிழைகளின் அடர்த்தி மட்டும் அதற்கு வெகுநாள் பின்தங்கியே இருக்கும். ஆகவே நான்காம் மாதத்தில் அச்சம் வேண்டாம்.

சொட்டை நிறுத்தியதுதான் தவறு. கருவிழி உலர்வதை உணர்ந்து தகவல் அனுப்பினால்தான் கண்ணீர் சுரக்கும், இமையும் உரிய வேகத்தில் இமைக்கும். அந்தத் தகவலே குறைந்திருக்கும்போது, எரிச்சல் இல்லை என்பதை ஈரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் மாலை மங்கல் உலர்ச்சியாக இருக்கக்கூடும். பதனப்பொருள் சேராத சொட்டைக் கடிகாரம் பார்த்து விடுங்கள். உணர்ச்சியை அளக்கச் சொல்லியும் கேளுங்கள்: 6 செ.மீ. நீட்டிய நைலான் இழையால் கருவிழியைத் தொடுவார்கள். தெரியாவிட்டால் இழையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள், குறையக் குறைய அது விறைக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்று அளந்தார்கள். இடது கண்ணில் 5 செ.மீ. இழை தெரிந்தது, வலது கண்ணின் நடுவில் 3.5 செ.மீ. ஆன பிறகே தெரிந்தது. சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் பார்த்ததில், வலது கருவிழியின் கீழ்ப்பகுதியில், மேற்பரப்பு சிதைந்த இடங்களைக் காட்டும் பச்சைப் புள்ளிகள் நிறைய இருந்தனவாம். ஒரு நாளைக்கு ஆறு முறை சொட்டு, ஆறு வாரங்களில் மறுபரிசோதனை. கைபேசியில் ஆறு அலாரங்கள் வைத்துவிட்டேன். வலி வந்தால் உடனே போக வேண்டும், அப்படித்தானே?

பதில் 2:
வலிக்காகக் காத்திருக்காதீர்கள், மரத்த கருவிழியில் புண் வந்தாலும் வலி குறைவாகவே தெரியலாம். கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, இமைத்தும் மங்கல் தெளியாவிட்டாலோ அன்றைக்கே சென்று காட்டுங்கள். இனி இமைமுடி விழுந்தால் தேய்க்காமல், சொட்டு மருந்தை விட்டே வெளியேற்றுங்கள்.